மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1968: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஊர், எந்தப் போராட்டம்?

அமெரிக்காவின் தெற்கே டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்ஃபிஸ். 1968 பிப்ரவரி 12 அன்று அந்த ஊரில் குப்பை அள்ளுபவர்களும் சாக்கடை வேலை பார்ப்பவர்களுமாகச் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஏப்ரல் 16 வரை அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அன்று அவர் அந்த ஊரில் எதற்காக இருந்தார் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. இந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் போயிருந்தார். அவருடைய மரணம் இவர்களுடைய போராட்டத்தை மறைத்துவிட்டது என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் தொழிலாளர்களை முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

குப்பை அள்ளும் வேலை அன்றைக்கு எப்படி இருந்தது?

வீட்டுக்காரர்கள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. தொழிலாளி வீட்டின் கொல்லைப்புறம் வரை நடந்துபோய், அங்கிருக்கும் குப்பையைப் பெரிய வாளியில் கொட்டி, தலையிலோ தோளிலோ சுமந்து லாரிக்குக் கொண்டுவர வேண்டும். பல வாளிகள் ஓட்டை. அழுகிய சோறும் இறைச்சிக் கழிவும் ஊறிய தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும், கூடவே புழுக்களும். மாநகராட்சி சீருடை கொடுக்கவில்லை. குளிக்க இடமும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே உடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம் என்று பல தொழிலாளர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'நடக்கும் பிணந்தின்னிக் கழுகுகள்'.

கூலி மணிக்கு ஏறத்தாழ 1 டாலர் 70 சென்ட். அந்த ஆண்டு நாட்டின் குறைந்தபட்சக் கூலியே 1 டாலர் 60 சென்ட் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லோடு முடியும்வரை வேலை செய்ய வேண்டும், கூடுதல் நேரத்துக்குக் கூலி கிடையாது. வாரம் முழுக்க உழைத்தும், பத்தில் நான்கு பேர் அரசின் ஏழைகள் உதவித்தொகை பெறும் அளவுக்கு வறுமையில் இருந்தார்கள். மேற்பார்வையாளர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் கறுப்பினத் தொழிலாளி அந்த நாற்காலிக்குப் போக முடியாது. மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்றே வேலை போகும். முறையிட ஒரு இடம் கிடையாது.

இவர்களில் பெரும்பாலோர் மிசிசிப்பியிலும் மேற்கு டென்னசியிலும் பருத்திக் காடுகளில் விளைச்சலில் பங்குக்கு உழுது கடனில் மூழ்கியவர்களின் பிள்ளைகள். பருத்தி பறிக்க இயந்திரம் வந்ததும் காட்டில் வேலை போய் ஊருக்கு வந்தவர்கள். குப்பை வேலையை விட்டால் திரும்பிப் போகவும் இடமில்லை என்பது மாநகராட்சிக்கு நன்றாகவே தெரியும்.

பிப்ரவரி 1 அன்று என்ன நடந்தது?

அன்று நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள், இருவரும் முப்பதையொட்டிய வயதினர், குப்பை லாரியின் பின்புறம் குப்பை கொட்டும் பகுதிக்குள் ஏறி நின்றார்கள். லாரியின் முன்பக்கத்தில் எல்லோருக்கும் இடமில்லை. மழைக்கு வீடுகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கவும் வழியில்லை. வெள்ளையர் குடியிருப்புகளில் குப்பைக்காரர்கள் நின்று இளைப்பாறினாலே புகார் போகும்.

அந்த லாரியில் குப்பையை அமுக்கும் இயந்திரம் இருந்தது. மின்கோளாறால் அது தானாக ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடி, நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் நிற்கவில்லை. ஒருவர் வெளியே வர முயன்றபோது உடை மாட்டிக்கொண்டது. இருவரும் நசுங்கி இறந்தார்கள்.

லாரி பழையது. அந்த மாதிரி வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

இருவரும் மணிக்கூலிக்காரர்கள் என்பதால் பணியிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். குடும்பங்களுக்கு மாநகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும். ராபர்ட் வாக்கரின் மனைவி அப்போது கர்ப்பிணி.

இரண்டு பேர் இறந்ததற்காக மட்டுமா வேலைநிறுத்தம்?

அதற்குச் சற்று முன்பு இன்னொன்றும் நடந்தது. மழை காரணமாகச் சாக்கடைப் பிரிவின் கறுப்பினத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்தது இரண்டு மணி நேரக் கூலி. அதே பிரிவின் வெள்ளை ஊழியர்கள் மழை விடும்வரை காத்திருந்து முழு நாள் சம்பளம் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. பிப்ரவரி 11 இரவுக் கூட்டத்தில் அதிகாரிகளிடமிருந்து உருப்படியான பதில் எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும், மறுநாள் காலை போகக் கூடாது என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது. தலைமைச் சங்கத்தை யாரும் கேட்கவில்லை. வாஷிங்டனில் இருந்த சங்கத் தலைவர்கள் செய்தி கேட்டு முதலில் எரிச்சல்தான் பட்டார்கள். குளிர்காலத்தில் குப்பை நாறாது, கோடைக்காலம்தான் துப்புரவு வேலைநிறுத்தத்துக்கு ஏற்றது என்பது அவர்கள் கணக்கு. தொழிலாளர்களின் கணக்கில் கோடை வரை பொறுக்க இடமில்லை.

அப்படியென்றால் முன்பே சங்கம் இருந்ததா?

இருந்தது, ஆனால் மாநகராட்சி அதை ஏற்கவில்லை. டி.ஓ. ஜோன்ஸ் என்பவர் குப்பை லாரியில் வேலை பார்த்தவர். 1963இல் சங்கம் சேர்க்க முயன்றதற்காக அவரையும் இன்னும் பலரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் விடவில்லை. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, அரசு ஊழியர்களுக்கான தேசியக் கூட்டமைப்பின் 1733ஆம் எண் கிளையை உருவாக்கினார். கூட்டமைப்பின் அன்றைய தலைவர் ஜெர்ரி வர்ஃப்.

1966இல் ஒருமுறை வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். மாநகராட்சி நீதிமன்றத்தில் தடையாணை வாங்கிவந்தது. போராட்டம் தொடங்குமுன்பே முடிந்துபோனது. அந்தத் தோல்வியிலிருந்துதான் 1968ஐப் பார்க்க வேண்டும். திடீரென்று வெடித்ததுபோலத் தோன்றினாலும், ஐந்து ஆண்டுகளாக ஒரு மனிதர் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததன் விளைவு அது. வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது.

கேட்டது பெரிய கோரிக்கையா? மேயர் ஏன் மறுத்தார்?

கூலி உயர்வு, பாதுகாப்பான வண்டிகள், புகார் கேட்க ஒரு முறை, பதவி உயர்வில் பாகுபாடு கூடாது, சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பளத்திலேயே சங்கச் சந்தாவைப் பிடித்துக் கொடுப்பது. இவ்வளவுதான்.

மேயர் ஹென்றி லோப் அந்த ஜனவரியில்தான் பதவி ஏற்றிருந்தார். அதற்கு முன்பும் ஒருமுறை மேயராக இருந்தவர். 1950களில் இதே துப்புரவுப் பிரிவை மேற்பார்வையிட்ட பொதுப்பணித் துறைப் பொறுப்பிலும் இருந்தவர். தொழிலாளர்களின் நிலை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கறுப்பின மக்களின் வாக்கு கிட்டத்தட்ட இல்லாமலேயே ஜெயித்தவர். அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம், முதலில் வேலைக்குத் திரும்புங்கள், பிறகு என் அறைக் கதவு திறந்தே இருக்கும் என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது.

கூலி விஷயத்தில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அங்கீகாரத்திலும் சந்தாப் பிடித்தத்திலும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதில்தான் விஷயமே இருக்கிறது. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்தால் சங்கத்துக்கு மாதாமாதம் நிச்சயமான வருமானம் வரும். ஜோன்ஸ் செய்ததுபோல வாசல் வாசலாக நின்று வசூலிக்க வேண்டியதில்லை. எந்த மேற்பார்வையாளரும் மிரட்டி நிறுத்த முடியாது. சங்கம் நிலைத்துவிடும். இன்று பத்து சென்ட் கூட்டிக் கொடுத்தால் நாளை விலைவாசி அதை விழுங்கிவிடும், ஆனால் சங்கம் நிலைத்தால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கறுப்பினத் தொழிலாளி சரிசமமாக மேசையில் உட்கார்ந்து பேசுவான். தோட்ட முதலாளி போல "என் ஆட்களை நான் பார்த்துக்கொள்வேன்" என்று பழகிய ஓர் ஆட்சிமுறைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இது கூலிப் போராட்டமா, நிறவெறிக்கு எதிரான போராட்டமா?

முதல் பத்து நாள் வரை சங்கத் தலைவர்கள் இது வெறும் தொழிற்சங்க விவகாரம் என்றே சொல்லிவந்தார்கள். இனப் பிரச்சினை என்று சொன்னால் வெள்ளையர் ஆதரவு போய்விடும் என்ற பயம். பிப்ரவரி 23 அந்த வாதத்தை முடித்துவைத்தது.

அதற்கு முந்தைய நாள் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் மாநகராட்சி மன்றக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே கூடியிருந்த பொதுப்பணிக் குழுவின் தலைவர் ஃபிரெட் டேவிஸ், மன்றத்தின் மூன்று கறுப்பின உறுப்பினர்களில் ஒருவர். வெளியிலிருந்து ரொட்டியும் இறைச்சித் துண்டுகளும் வந்தன. பெண்கள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து சாண்ட்விச் போட்டுக் கொடுத்தார்கள். புத்தம்புதிய மாளிகையில் குப்பைக்காரர்கள் சாப்பிடுகிறார்கள் என்று வெள்ளையர் பத்திரிகைகள் கொதித்தன. அங்கீகாரமும் சந்தாப் பிடித்தமும் தரலாம் என்று குழு பரிந்துரைத்தது. தொழிலாளர்கள் நம்பிக்கையோடு கலைந்தார்கள்.

மறுநாள் முழு மன்றம் கூடி, சில நிமிடங்களில், எல்லாம் மேயர் கையில் என்று கைகழுவியது. ஆத்திரத்தோடு வெளியே வந்தவர்கள் மெயின் தெருவில் ஊர்வலமாக நடந்தார்கள். ஒட்டி உரசி வந்த போலீஸ் கார் ஒரு பெண்ணின் காலில் ஏறியது. அவர் அலறியதும் ஆண்கள் காரைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவ்வளவுதான், போலீஸ் கண்ணெரிச்சல் திரவத்தை எல்லோர் முகத்திலும் பீய்ச்சி அடித்தது. யார் எவர் என்று பார்க்கவில்லை. ஊர்வலத்தில் வந்த பாதிரியார்கள், தங்களுடைய சபை, படிப்பு, கோட்டு சூட்டு எதுவும் தங்களைக் காப்பாற்றவில்லை என்பதைக் கண்ணெரிச்சலோடு தெரிந்துகொண்டார்கள். அடுத்த நாளே 100க்கும் மேற்பட்ட பாதிரியார்கள் கூடி ஆதரவுக் குழு அமைத்தார்கள். குப்பைக்காரர்களின் சண்டை ஊரின் கறுப்பின மக்கள் அனைவரின் சண்டையாக ஆனது அன்றுதான்.

ஆகவே கேள்விக்குப் பதில்: அந்த ஊரில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. கூலி குறைவாக இருந்ததற்குக் காரணம் நிறம். நிறவெறி நீடித்ததற்குக் காரணம் மலிவான கூலியாள் தேவை.

ஜேம்ஸ் லாசன் யார்? அவருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. கொரியப் போருக்காகக் கட்டாயப் படைச் சேர்ப்பை ஏற்க மறுத்துச் சிறை சென்றவர் லாசன். வெளியே வந்ததும் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக நாக்பூருக்குப் போய், ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். காந்தியின் போராட்ட முறைகளை அங்கே ஊன்றிப் படித்தார். 1960இல் நாஷ்வில் நகரத்தில் உணவகங்களில் உட்கார்ந்து நடத்திய அறப்போராட்டத்துக்கு மாணவர்களைப் பயிற்றுவித்தவர் அவரே. அதற்காக அவர் படித்த பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. 1968இல் மெம்ஃபிஸில் ஒரு சபையின் போதகர். ஆதரவுக் குழுவை நடத்தியவரும் கிங்கை அழைத்தவரும் இவர்தான்.

சம்பளம் இல்லாமல் ஒன்பது வாரம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். மாநகராட்சி போலீஸ் காவலோடு கருங்காலிகளை வைத்துக் குப்பை அள்ளத் தொடங்கியது. வேலைநிறுத்தத்துக்குத் தடையாணையும் வாங்கியது. வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் கழுத்தை நெரித்தன.

கறுப்பினத் தேவாலயங்கள் ஞாயிறு காணிக்கையைத் திருப்பிவிட்டன. தினமும் மதியம் ஊர்வலம், இரவு ஏதாவது ஒரு தேவாலயத்தில் கூட்டம், அங்கே குப்பைத் தொட்டியை உண்டியலாகச் சுற்றிவிட்டுக் காசு சேர்த்தார்கள். நாட்டின் பிற தொழிற்சங்கங்கள் பணம் அனுப்பின. மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 50,000 டாலர் கொடுத்தது. மறுபக்கம் நகர மையத்துக் கடைகளையும் ஊரின் இரு நாளிதழ்களையும் லோப் என்ற பெயர் தாங்கிய வணிகங்களையும் கறுப்பின மக்கள் புறக்கணித்தார்கள். ஈஸ்டர் பண்டிகைக்குப் புதுத்துணி வாங்கும் காலம் அது. பிள்ளைகளுக்குப் பழைய துணியையே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் தாய்மார்கள். கடைக்காரர்களுக்கு அடி விழுந்தது.

பெண்களின் பங்கைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. கார்னீலியா கிரென்ஷா உணவும் பணமும் திரட்டி முன்னணியில் நின்றவர். மேக்சின் ஸ்மித் சமஉரிமை இயக்கத்தின் உள்ளூர்ச் செயலாளராக இருந்து நாள் தவறாமல் நடந்தார். வீடு ஓடியது மனைவிமார்களின் சம்பளத்தில். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்துகொண்டே, எஜமானியின் முறைப்பைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகள் எப்போது வந்தன?

மார்ச் மாதக் கடைசியில். வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் அந்த வாசகம் மட்டும். தொழிற்சங்கக்காரர் பில் லூசியும் அவருடைய தோழர்களும் சேர்ந்து தீர்மானித்தது என்று சொல்லப்படுகிறது. ஐம்பது, அறுபது வயதுக்காரரையும் 'பையா' என்றே மேற்பார்வையாளர்கள் கூப்பிட்ட ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கிங் எப்படி இதற்குள் வந்தார்?

1965க்குள் பொது இடங்களில் சமவுரிமை, வாக்குரிமை இரண்டுக்கும் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு கிங்கின் கவனம் வறுமையின் பக்கம் திரும்பியது. எல்லா நிறத்து ஏழைகளையும் வாஷிங்டனுக்குத் திரட்டிப் போகும் இயக்கத்துக்கு அவர் 1968இல் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நேரமே இல்லை, மெம்ஃபிஸ் போகாதீர்கள் என்று கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். லாசன் அழைத்தார், அவர் போனார்.

மார்ச் 18 அன்று மேசன் தேவாலயத்தில் 15,000 பேருக்குக் குறையாத கூட்டம். கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்காரலாம் என்றாகிவிட்டது, ஆனால் அங்கே ஒரு காப்பி வாங்கக் கையில் காசில்லை என்றால் அந்த உரிமையால் என்ன பயன் என்று கேட்டார். உலகின் பணக்கார நாட்டில் பட்டினிக் கூலி கொடுப்பது குற்றம் என்றார். கூட்டம் கொடுத்த உற்சாகத்தில், ஊர் முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்துவோம் என்றும் அறிவித்தார். குறித்த நாளான மார்ச் 22 அன்று, தெற்கே எப்போதாவது மட்டும் வரும் பெரும் பனி கொட்டி ஊரே முடங்கியது. ஊர்வலம் 28க்குத் தள்ளிப்போனது.

மார்ச் 28 ஊர்வலம் ஏன் கலவரத்தில் முடிந்தது?

கிளேபோர்ன் தேவாலயத்திலிருந்து கிங்கும் லாசனும் முன்னால் நடக்க ஊர்வலம் பீல் தெரு வழியாகப் போனது. பின்வரிசையில் இருந்த சில இளைஞர்கள் அட்டை கட்டிய கம்புகளால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் உடனே எல்லோரையும் தேவாலயத்துக்குத் திரும்பச் சொன்னார். கிங்கை வேறு காரில் ஏற்றி அனுப்பினார்கள். போலீஸ் உடைத்தவனையும் நடந்தவனையும் ஒன்றாக அடித்தது. அடைக்கலம் புகுந்தவர்கள் மீது தேவாலயத்துக்குள்ளேயே கண்ணீர்ப்புகை வீசியது. லேரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஏறத்தாழ 4,000 தேசியக் காவல் படையினர் ஊருக்குள் இறங்கினார்கள்.

அடுத்த நாள் நடந்ததைத்தான் நான் இந்தப் போராட்டத்தின் உச்சமாகக் கருதுகிறேன். தெருவில் கவச வண்டிகள் நிற்கின்றன, துப்பாக்கியில் கத்தி மாட்டிய சிப்பாய்கள் நிற்கின்றனர். அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றை வரிசையாக, வழக்கம்போல நடந்துபோனார்கள். அன்று கிங் அவர்களோடு இல்லை.

ஏப்ரல் 4?

வன்முறை இல்லாமல் ஓர் ஊர்வலத்தை நடத்திக் காட்டாமல் வாஷிங்டனுக்குப் போக முடியாது என்று கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு, புயல் மழையில், மேசன் தேவாலயத்தில் பேசினார். அதுவே அவருடைய கடைசி உரை. மறுநாள் மாலை 6 மணி கடந்து ஒரு நிமிடத்தில் லொரெய்ன் விடுதியின் 306ஆம் அறைக்கு வெளியே பால்கனியில் சுடப்பட்டார். ஜேம்ஸ் ஏர்ல் ரே குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டுத் தண்டனை பெற்றார். பின்னர் அந்த வாக்குமூலத்தை மறுத்தார். நாட்டில் 100க்கும் மேற்பட்ட ஊர்களில் கலவரம் மூண்டது.

ஏப்ரல் 8 அன்று, கணவரை அடக்கம் செய்வதற்கு முந்தைய நாள், கொரெட்டா ஸ்காட் கிங் பிள்ளைகளோடு வந்து மெம்ஃபிஸ் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். சுமார் 40,000 பேர் ஒரு கோஷமும் இல்லாமல் நடந்தார்கள்.

வெள்ளையர் எல்லோருமே எதிராகத்தான் இருந்தார்களா?

பெரும்பான்மை மேயர் பக்கம்தான். விதிவிலக்குகள் இருந்தன. கிளேபோர்ன் தேவாலயத்தின் போதகர் மால்கம் பிளாக்பர்ன் ஒரு வெள்ளையர். தொடக்கத்திலிருந்தே தொழிலாளர்களோடு நின்றார். கிங் இறந்த மறுநாள் இரு நிறத்துப் பாதிரியார்களும் சேர்ந்து மேயர் அறைக்கு நடந்துபோனார்கள். யூதப் போதகர் ஜேம்ஸ் வாக்ஸ், டென்னசியின் சட்டத்தையும் மெம்ஃபிஸின் சட்டத்தையும் விட உயர்ந்த சட்டம் ஒன்று உண்டு, அது கடவுளின் சட்டம் என்று மேயரின் முகத்துக்கு நேரே சொன்னார். லோப் அப்போதும் இணங்கவில்லை.

கடைசியில் என்ன கிடைத்தது?

அதிபர் லிண்டன் ஜான்சன், தொழிலாளர் துறை துணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸை அனுப்பி இரு தரப்பையும் உட்காரவைத்தார். ஏப்ரல் 16 அன்று ஒப்பந்தம் முடிந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம். மே 1 முதல் மணிக்கு 10 சென்ட், செப்டம்பர் 1 முதல் இன்னும் 5 சென்ட் உயர்வு. புகார்களைக் கேட்க முறை. பதவி உயர்வில் பாகுபாடு கூடாது என்ற உறுதி. சந்தாவுக்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள்: மாநகராட்சி நேரே சங்கத்துக்குக் கொடுக்காது, ஊழியர் கடன் சங்கத்தில் கட்டும், அங்கிருந்து தொழிற்சங்கத்துக்குப் போகும். மேயருக்கு முகம் காப்பாற்றப்பட்டது, தொழிலாளருக்குச் சந்தா போய்ச் சேர்ந்தது.

உயர்வுக்குப் பணமில்லை என்று மாநகராட்சி கைவிரித்தபோது, உள்ளூர் மருந்துத் தொழிலதிபர் ஏப் பிளவ் பெயர் சொல்லாமல் நன்கொடை கொடுத்து அந்த முட்டுக்கட்டையை நீக்கினார். ஒரு தனிமனிதர் ஈடுகட்டிவிடக்கூடிய பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒரு நகரம் இத்தனை பேரை வீதியில் நிறுத்தியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைக்கவே சில மாதங்களில் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் எச்சரிக்க வேண்டியிருந்தது.

மெம்ஃபிஸுக்கு வெளியே ஏதாவது மாறியதா?

தெற்கில் அரசு வேலை பார்த்த கறுப்பினத்தவர்களுக்கு இது வழிகாட்டியது. அதே ஆண்டு ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் துப்புரவுத் தொழிலாளர்களும், 1969இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மருத்துவமனை ஊழியர்களும் போராடினார்கள். சார்ல்ஸ்டனில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எல்லாம் வெற்றியில் முடியவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், நாடாளுமன்றத்தில் இழுத்தடிக்கப்பட்டு வந்தது, கிங் இறந்து ஒரு வாரத்தில் கையெழுத்தானது. கிங் கனவு கண்ட ஏழைகள் இயக்கம் வாஷிங்டனில் கூடாரங்கள் போட்டுச் சில வாரம் தங்கியது; போலீஸ் அதைக் கலைத்தது.

தொழிலாளர்களின் முதுமை எப்படிக் கழிந்தது?

மனத்தை உறுத்தும் பகுதி இது. 1968இல் மாநகராட்சி ஓய்வூதியமா, நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது, தொழிலாளர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தொகை பின்னாளில் போதவில்லை. பலர் உடம்பு ஒத்துழைக்கும்வரை வேலையில் இருந்தார்கள். 1954இல் சேர்ந்த எல்மோர் நிக்கிள்பெரி எண்பது வயதைத் தாண்டியும் இரவில் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

2017இல்தான் மாநகராட்சி கண் திறந்தது. உயிரோடிருந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் என்று அறிவித்து, பின்னர் அதை 70,000 ஆக்கியது. அதை வாங்க எஞ்சியிருந்தவர்கள் இரு கை விரல்களைவிடச் சற்றுத்தான் அதிகம். முதல் பட்டியலில் 14 பேர். 1,300 பேரில்.

இன்று அங்கே போனால் எதைப் பார்க்கலாம்?

லொரெய்ன் விடுதி 1991 முதல் தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகமாக இருக்கிறது. கிளேபோர்ன் தேவாலயம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே 2025 ஏப்ரலில் தீயில் எரிந்துபோனது. அதன் பக்கத்தில் 'நான் ஒரு மனிதன்' என்ற பெயரில் நினைவுச் சதுக்கம் ஒன்று இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள்.

சங்கச் சந்தா பற்றிய சண்டை முடிந்துவிட்டதா?

இல்லை. அந்த வேலைநிறுத்தத்தின் ஐம்பதாவது ஆண்டான 2018இல், ஜூன் 27 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடமிருந்து, அவருக்காகவும் சேர்த்துச் சங்கம் பேரம் பேசினாலும், எந்தக் கட்டணத்தையும் கட்டாயமாகப் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற கூட்டமைப்பு, 1733ஆம் எண் கிளை எதைச் சேர்ந்ததோ அதேதான்.